தொப்புளில் ஒரு கட்டி: சினைப்பைப் புற்றுநோய் எந்த வழியாக எங்கே போகிறது

பெரியம்மாவுக்கு முதலில் தெரிந்தது தொப்புளில்தான். கொழுந்து எடுக்கப் போகும்போது சேலை நனையாமலும் கிழியாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். அந்தக் கயிறு உரசித்தான் ஏதோ தடித்துப்போயிருக்கிறது என்று இரண்டு மாதம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். சுண்டைக்காய் அளவு, கல் மாதிரி கெட்டி, வலியே இல்லை. பக்கத்து ஊர் கிளினிக்கில் காட்டினோம். குடலிறக்கம், பாரம் தூக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிறு உப்பியிருந்ததற்கு வாயு மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். கோயம்புத்தூருக்கு இறங்கி ஸ்கேன் எடுத்த பிறகுதான் நோய் ஆரம்பித்த இடம் சினைப்பை என்றும், தொப்புளில் இருப்பது அங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது.

"அது அடிவயித்துல இருக்கிற சாமான். தொப்புளுக்கு எப்படி பாப்பா வந்துச்சு?" என்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பஸ்ஸில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பதில் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. பெரியம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கிய வருடங்களில் டாக்டர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் புரிந்துகொண்டதை, புதிதாக இந்த நோயின் பெயரைக் கேட்பவர்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் வழக்கமான வழி

சினைப்பைக்கு ஒரு விசேஷம் உண்டு. நுரையீரல், மார்பகம், தைராய்டு போன்றவற்றில் வரும் புற்று, வெளியே போக வேண்டுமென்றால் ரத்தக் குழாயையோ, உடம்பின் சதைகளுக்கிடையே ஊறும் நீரை வடித்துக்கொண்டுபோகும் நிணநீர்க் குழாயையோ துளைத்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். சினைப்பைக்கு அந்தச் சிரமம் இல்லை. அது வயிற்று அறைக்குள் திறந்தவெளியில் தொங்குகிற உறுப்பு. மாதாமாதம் முட்டை வெளியே வந்து கருக்குழாய்க்குள் போவதற்காக அப்படி அமைந்திருக்கிறது. அங்கே ஒரு புற்றுச் செல் உதிர்ந்தால் நேராக வயிற்று அறைக்குள் விழும். (இன்னொரு விஷயம்: சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் அதிகம் காணப்படும் வகை பல பேருக்குக் கருக்குழாயின் நுனியில்தான் ஆரம்பிக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. நுனியும் சினைப்பையும் ஒட்டி உரசிக்கொண்டிருப்பவை, அதனால் பெயர் மாறவில்லை.)

வயிற்று அறை காலியான அறை அல்ல. குடல், ஈரல், இரைப்பை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டிருக்க அங்கே சில தேக்கரண்டி நீர் எப்போதும் இருக்கும். அது தேங்கி நிற்கும் நீர் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கும். நாம் மூச்சு விடும்போது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் ஏறி இறங்குகிறது, அது மேல்பக்கம் நீரை இழுக்கிறது. குடல் நெளிவதும் சேர்ந்து தள்ளுகிறது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, முக்கியமாக வலதுபக்க ஓரமாக மேலேறி, ஈரலுக்கும் உதரவிதானத்துக்கும் இடையில் போய்ச் சேருகிறது. இடதுபக்கம் குடலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மடிப்பு வழியை மறிக்கிறது, அதனால் அந்தப் பக்கம் போக்குவரத்துக் குறைவு.

கோத்தகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எந்தச் சரிவில் மழை பெய்தாலும் தண்ணீர் எந்த ஓடையில் சேரும், எங்கே வளையும், கடைசியில் எப்படிப் பவானிக்குப் போகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஒரு களைச்செடியின் விதை உதிர்ந்தால், அடுத்த வருடம் அந்தச் செடி எங்கே முளைக்கும்? ஓடை வளைவில், மண் தேங்குகிற இடத்தில், சதுப்பு ஓரத்தில். சினைப்பைப் புற்றின் வழக்கமான பரவலும் அப்படியே. நீர் எங்கெல்லாம் வேகம் குறைந்து தேங்குகிறதோ அங்கெல்லாம் விதை தங்குகிறது: கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம், வலதுபக்க ஓரக் கால்வாய், ஈரலுக்கு மேலே உதரவிதானத்தின் அடிப்பக்கம். அப்புறம், குடலுக்கு முன்னால் ஏப்ரன் கட்டியது போலத் தொங்கும் கொழுப்புத் திரை. டாக்டர்கள் இதை ஒமெண்டம் என்பார்கள். இந்தத் திரையில் புற்று அவ்வளவு ஆசையாக ஏன் உட்காருகிறது என்று சிகாகோவில் எர்ன்ஸ்ட் லெங்கெல் குழு ஆராய்ந்து 2011-இல் ஒரு விடை சொன்னது. அங்கிருக்கும் கொழுப்புச் செல்கள் புற்றுச் செல்களை ஈர்ப்பதோடு, தம்மிடமுள்ள கொழுப்பையே அவற்றுக்குத் தீனியாகக் கொடுக்கின்றன. எரு போட்ட நிலம் மாதிரி.

செல்கள் உள்சவ்வில் உட்கார்ந்ததும் நீர் வடிகிற சின்னச் சின்ன வழிகள் அடைபடுகின்றன, புதிதாக நீர் கசியவும் செய்கிறது. வயிறு உப்புகிறது. பெரியம்மாவுக்கு முதல்நாள் ஊசி போட்டு எடுத்த நீரைப் பார்த்தேன், பால் ஊற்றாத இளம் டீயின் நிறம். மூன்று லிட்டர். சில தேக்கரண்டி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று லிட்டர்! அதைத்தான் நாங்கள் வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஈரலின் மேலா, ஈரலுக்குள்ளா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஈரலில் பரவல்" என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். அவசரப்பட்டு அழுதோம் என்று பிறகுதான் தெரிந்தது. ஈரலின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பது வேறு, ஈரலின் சதைக்குள் வளர்ந்திருப்பது வேறு. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகச் சொல்வார்கள். முன்னது வயிற்று நீர் கொண்டுபோய் ஒட்டியது, மூன்றாம் நிலை. பின்னது பெரும்பாலும் ரத்தம் வழியாகப் போனது, நான்காம் நிலை. மண்ணீரலுக்கும் இதே கணக்கு. வெளியே பூசியது போல இருந்தால் அது வழக்கமான பரவல். உள்ளே தனியாக ஒரு உருண்டை இருந்தால் அது அபூர்வ வகையில் சேரும். ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும் இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுக்கு அதைத் தானாக யாரும் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

வயிற்றைத் தாண்டி அடுத்த வாசல் நெஞ்சு. உதரவிதானத்தின் அடிப்பக்கத்தில் நிணநீர்க் குழாய்களின் மிகச் சிறிய வாய்கள் இருக்கின்றன. வயிற்று நீர் அந்த வழியாகத்தான் வடிகிறது. அதோடு செல்களும் மேலே போனால் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும், அதிலும் வலதுபக்கம் அதிகம். காரணம் புரிந்திருக்கும், ஓடை அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. உண்மையில் இது விசித்திரமான இடமே இல்லை. நான்காம் நிலைக்குப் போகிறவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். சர்வதேச மகப்பேறு, பெண்நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2014-இல் திருத்திய வகைப்பாட்டில், நெஞ்சு நீரில் புற்றுச் செல் இருந்தால் நான்கு ஏ. ஈரல் சதை, மூளை, எலும்பு, தொப்புள், தொடை இடுக்கு நெறிக்கட்டி என்று மற்றவை நான்கு பி. ஆனால் எங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறாயிரம் அடி உயரத்தில் வீட்டுக்கு வீடு மேடு. மூச்சு வாங்கினால் "மேடு ஏறினா வாங்கத்தானே செய்யும், அதுவும் இந்தப் பனியில்" என்று விட்டுவிடுகிறோம். எப்போதும் ஏறுகிற மேட்டில் புதிதாக மூச்சு வாங்கினால், படுத்தால் இருமல் வந்தால், அது மேட்டின் குற்றம் இல்லை.

தொப்புளும் ஒரு கன்னியாஸ்திரியும்

இப்போது பெரியம்மாவின் கேள்வி. தொப்புள் என்பது வெளியே இருந்து பார்த்தால் ஒரு பழைய தழும்பு. உள்ளே இருந்து பார்த்தால் வயிற்றுச் சுவரின் மிக மெல்லிய இடம். மற்ற இடங்களில் தோல், கொழுப்பு, தசை, உள்சவ்வு என்று அடுக்கடுக்காக இருக்கும். தொப்புளில் தோலுக்கும் உள்சவ்வுக்கும் இடையில் அவ்வளவு இல்லை. அதோடு, நாம் கருவில் இருந்தபோது ஈரலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் இடையே ஓடிய குழாய்கள் சுருங்கி, கயிறுகளாக இன்னும் அங்கேயே முடிச்சிட்டு இருக்கின்றன. நிணநீர்க் குழாய்களும் சிறு ரத்தக் குழாய்களும் நாலாபக்கமிருந்தும் அங்கே கூடுகின்றன. ஆக நாலு ரோடு சந்திக்கிற ஜங்ஷன் அது. உள்சவ்வில் ஒட்டிய புற்று அங்கே வெளியே எட்டிப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆண்களுக்குத் தொப்புளில் இப்படிக் கட்டி வந்தால் இரைப்பை, குடல் பக்கம் தேடுவார்கள். பெண்களுக்கு முதலில் சினைப்பையைத் தேட வேண்டும்.

இந்தக் கட்டிக்கு ஒரு பெயர் உண்டு: சிஸ்டர் மேரி ஜோசப் கட்டி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர், அங்கே செயின்ட் மேரிஸ் ஆஸ்பத்திரி. வில்லியம் மேயோ என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவருக்கு உதவியாக இருந்தவர் சிஸ்டர் மேரி ஜோசப் டெம்ப்சி என்ற கன்னியாஸ்திரி. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் வயிற்றைக் கழுவித் துடைத்துத் தயார் செய்வது அவர் வேலை. அப்படித் துடைக்கும்போது தொப்புளில் கெட்டியாகத் தட்டுப்பட்டவர்களுக்கு, வயிற்றைத் திறந்தால் புற்று எங்கும் பரவியிருப்பதைக் கவனித்து மேயோவிடம் சொன்னார். மேயோ 1928-இல் அதைப் பற்றி எழுதினார். 1939-இல் சிஸ்டர் இறந்து, பத்து வருடம் கழித்து 1949-இல் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் பாடநூலில் அந்தக் கட்டிக்கு அவர் பெயரை வைத்தார். மருத்துவத்தில் கட்டிகளுக்கும் நோய்களுக்கும் பெரும்பாலும் டாக்டர்கள் பெயர்தான் இருக்கும். துணி நனைத்துத் துடைத்த கையின் பெயர் ஒரு கட்டிக்கு வந்தது எனக்குப் பிடித்த விஷயம். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது, "அந்தம்மா தொட்டுப் பாத்துருக்கு. நம்ம கிளினிக்குல தொடவே இல்லையே" என்றார்.

நெறிக்கட்டிகள் பற்றிச் சுருக்கமாக. சினைப்பையிலிருந்து கிளம்பும் நிணநீர் முதுகெலும்பை ஒட்டி மேலேறி, நெஞ்சைக் கடந்து, இடது கழுத்தின் அடியில் பெரிய ரத்தக் குழாயில் கலக்கிறது. அதனால் சிலருக்கு முதல் அறிகுறியே இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கட்டியாக வரலாம். கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் ஒரு தசைநார் தொடை இடுக்கு வரை போகிறது. அதோடு ஓடும் நிணநீர் வழியாக இடுக்கில் நெறி கட்டலாம். அக்குளில் வருவது இவற்றைவிட அபூர்வம்.

விதையும் மண்ணும்

இதுவரை சொன்னவை எல்லாம் ஓடை வழி. இனிச் சொல்லப்போவது பறவை வழி.

உண்ணிச்செடியை நீலகிரியில் பார்க்காதவர் இருக்க முடியாது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு, முதுமலைக் காடு முழுக்கப் படர்ந்த செடி. அதன் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்றுவிட்டு எங்கெங்கோ எச்சம் போடுகிறது. பாறை மேல் போடுகிறது, ரோட்டில் போடுகிறது, அடர்ந்த சோலைக்குள்ளும் போடுகிறது. ஆனால் செடி எங்கே முளைக்கிறது? வேலி ஓரம், வெட்டிய காட்டின் விளிம்பு, வெயில் விழுகிற திறப்பு. சோலையின் இருட்டுக்குள் விதை விழுந்தாலும் முளைத்துத் தழைப்பது அபூர்வம். பறவை கொண்டுபோனது மட்டும் போதாது, விழுந்த மண்ணும் சம்மதிக்க வேண்டும்.

லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர் 1889-இல் சொன்னது இதையேதான். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் அலசினார். ரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. அப்படியானால் புற்று எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் வர வேண்டும். அப்படி வரவில்லை. ஈரலில் நிறைய, மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எல்லாத் திசையிலும் போகலாம், ஒத்துப்போகிற மண்ணில் விழுந்தால்தான் வளரும் என்று எழுதினார்.

பேஜட் சொன்னது சினைப்பைப் புற்றுக்குப் பொருந்துமா என்பதை, யாரும் திட்டமிடாமலே ஒரு சிகிச்சை சோதித்துப் பார்த்துவிட்டது. வயிற்று நீர் திரும்பத் திரும்ப ஊறி அவதிப்பட்டவர்களுக்கு ஒரு காலத்தில் ஒரு மெல்லிய குழாய் பொருத்தினார்கள். ஒரு முனை வயிற்றில், மறுமுனை கழுத்து ரத்தக் குழாயில். நீர் வடிந்து ரத்தத்திலேயே கலந்துவிடும், வயிறு லேசாகும். நீரோடு சேர்ந்து லட்சக்கணக்கான புற்றுச் செல்களும் தினமும் ரத்தத்துக்குள் போகும். கேட்கவே பயமாக இருக்கிறது இல்லையா? 1984-இல் பிரிட்டனில் டேவிட் டாரின் குழு இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதியது. நோயாளிகளில் சினைப்பைப் புற்று வந்தவர்களும் இருந்தார்கள். இத்தனை விதை நேராக ரத்தத்தில் கொட்டியும் பல பேருக்கு நுரையீரலிலோ வேறு உறுப்பிலோ கட்டி வளரவே இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் படித்த அன்றுதான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. செல் ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வதும் அங்கே வேர்விடுவதும் ஒன்றல்ல.

முழுக்க நிம்மதியடையவும் முடியாது. 2014-இல் ஹூஸ்டனில் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் சினைப்பைப் புற்று, மற்றது நல்ல எலி. ரத்தம் வழியாக மட்டுமே போக வாய்ப்பிருந்த அந்த நல்ல எலிக்கும் புற்று வந்தது. வந்த இடம்? அதே கொழுப்புத் திரை. ஓடை வழி என்று நாம் நினைத்த இடத்துக்கே பறவையும் போகிறது. ரத்த வழி நினைத்ததைவிட முக்கியமானது என்று அதன் பிறகு இந்தத் துறையில் பேச்சு மாறியது.

மூளை

கீமோ முடிந்து, ஆபரேஷன் முடிந்து, மூன்று வருடம் பெரியம்மா நன்றாக இருந்தார். திரும்பவும் கொழுந்துக்குப் போக ஆரம்பித்துவிட்டார், நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. பிறகு காலையில் எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி, அதோடு சரியாகிவிடும். மலைப்பாதை பஸ்ஸில் போய்வந்த பித்தம் என்று எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டார். ஒருநாள் சரிவில் நடக்கும்போது கால் தள்ளாடியது. நாற்பது வருடம் அதே சரிவில் முதுகில் கூடையோடு நடந்தவர். "வழுக்குனா எனக்குத் தெரியாதா? இது வழுக்கலை, காலு தானா எங்கேயோ போகுது" என்றார். எம்ஆர்ஐ எடுத்ததில் பின்மண்டையில், சிறுமூளையில், ஒரே ஒரு கட்டி.

சினைப்பைப் புற்று மூளைக்குப் போவது அபூர்வம்தான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேர் என்றே மருத்துவ நூல்கள் நீண்ட காலம் சொல்லிவந்தன. இப்போது முன்பைவிட அதிகமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. நோய் மூர்க்கமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நல்ல மருந்துகளால் பெண்கள் கூடுதல் வருடம் வாழ்கிறார்கள், மெல்ல வளர்கிற விதைக்கும் நேரம் கிடைக்கிறது. ஸ்கேனும் கூர்மையாகிவிட்டது. இன்னொரு காரணம், மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் ரத்தத்திலிருக்கும் கண்டதையும் உள்ளே விடாத ஒரு காவல். கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் போன்ற வழக்கமான கீமோ மருந்துகள் அந்தக் காவலைத் தாண்டி அதிகம் போவதில்லை. உடம்பெல்லாம் களை பிடுங்கியாகிவிட்டது, கதவு பூட்டிய ஒரு பாத்தி மட்டும் தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஆர்சிஏ என்ற மரபணுக்களில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு மூளை, ஈரல் சதை போன்ற இடங்களுக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதே கோளாறு உள்ளவர்களுக்குத்தான் ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். முடிவு பெண்பிள்ளைகளுக்கும் தங்கை, அக்காவுக்கும் கூடப் பயன்படும்.

பெரியம்மாவுக்கு ஒரே கட்டி என்பதால் அந்த இடத்தில் மட்டும் குவித்துக் கொடுக்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். சிலருக்கு ஆபரேஷன் செய்து எடுப்பதும் உண்டு. மூளையில் வந்தாலே எல்லாம் முடிந்தது என்பது பழைய பேச்சு. எத்தனை கட்டி, உடம்பில் வேறெங்காவது இருக்கிறதா, ஆள் எழுந்து நடமாடுகிறாரா என்பதை எல்லாம் வைத்துத்தான் சொல்ல முடியும்.

மற்ற இடங்களை ஓடிப் பார்த்துவிடலாம். எலும்பு: அபூர்வம், வந்தால் அதிகம் முதுகெலும்பில். முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைகளுக்கு வால்வு கிடையாது, இருமினாலும் முக்கினாலும் ரத்தம் பின்னோக்கியும் போகும் என்று 1940-இல் ஆஸ்கர் பேட்சன் காட்டினார். அடிவயிற்றிலிருந்து நுரையீரலைத் தொடாமலே முதுகுக்குப் போக அது ஒரு குறுக்குவழி. படுத்தாலும் குறையாத, இரவில் எழுப்புகிற முதுகுவலி, கூடவே கால் மரத்துப்போவது அல்லது சிறுநீர் அடங்காமல் போவது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோல்: பெரும்பாலும் ஆபரேஷன் தழும்பிலோ, துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக் கருவி நுழைந்த இடத்திலோ, நீர் எடுத்த ஊசித் தடத்திலோ வரும். இதற்காக நீர் எடுக்கவே பயப்பட வேண்டாம், மூச்சு முட்டும்போது கிடைக்கும் ஆறுதல் பெரியது. மார்பகம், இதயத்தைச் சுற்றியுள்ள உறை, கண் என்று இன்னும் அபூர்வமாக ஒருவர் இருவருக்கு வந்ததை மருத்துவ இதழ்களில் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவதற்குக் காரணமே, அது அவ்வளவு அபூர்வம் என்பதுதான்.

மூன்று வருடம் எங்கே ஒளிந்திருந்தது?

இதை எல்லோரும் கேட்பார்கள். சீகை மரத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரர்கள் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தது. வனத்துறை ஒரு சரிவில் இருந்த அத்தனை மரத்தையும் வெட்டி எடுத்தாலும், மண்ணுக்குள் விதை பல வருடம் உயிரோடு தூங்கும். மண் கிளறப்பட்டாலோ நெருப்பு பட்டாலோ புல் மாதிரி அடர்த்தியாக முளைக்கும். சில புற்றுச் செல்களும் இப்படிப் பெருகாமல் தூங்குகின்றன. கீமோ முக்கியமாக அடிப்பது வேகமாகப் பெருகுகிற செல்களை. தூங்குகிறவை தப்பிக்கின்றன. அவை எதனால் விழிக்கின்றன என்பதில்தான் இன்றைக்கு ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது.

பெயரில் ஒரு குழப்பம்

மூளையில் கட்டி என்றதும் சொந்தக்காரர்கள் "பிரெய்ன் கேன்சரும் வந்துருச்சாமே" என்று துக்கம் விசாரிக்க வந்தார்கள். அப்படி இல்லை. சினைப்பையிலிருந்து போனது மூளையில் வளர்ந்தாலும் சினைப்பைப் புற்றுதான். இடம் மாறினால் சாதி மாறாது. மைக்ராஸ்கோப்பில் அதே முகம், பெரும்பாலும் அதே மருந்துக்குத்தான் கட்டுப்படும். மூளைப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்தைக் கொடுப்பதில்லை. எதிர்த் திசையிலும் இந்தக் குழப்பம் உண்டு. இரைப்பையில் ஆரம்பித்த புற்று சினைப்பைக்கு வந்து உட்காருவதுண்டு. 1896-இல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவர் குருக்கன்பெர்க் அது சினைப்பையின் சொந்தக் கட்டி என்றே நினைத்துவிட்டார்.

பரவல் போலத் தோன்றி, பரவலாகவே இல்லாதவையும் இருக்கின்றன. கால் தள்ளாட்டம் சிலருக்குக் கட்டியால் வருவதில்லை. புற்றை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளே தவறுதலாகச் சிறுமூளையைத் தாக்கும். எம்ஆர்ஐயில் கட்டி எதுவும் தெரியாது. நம் நாட்டில் மறக்கவே கூடாதது காசநோய். வயிற்றில் காசநோய் வந்தாலும் நீர் கோக்கும், கொழுப்புத் திரை தடிக்கும், சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை 35-க்குள் இருக்க வேண்டியது நூற்றுக்கணக்கில் ஏறும். ஸ்கேனையும் அந்த எண்ணையும் மட்டும் பார்த்துப் புற்று என்று பயந்து, பயாப்சியில் காசநோய் என்று தெரிந்து, ஆறு மாத மாத்திரையில் குணமானவர்கள் உண்டு. சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம் என்று எங்கள் டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

அந்தத் துணுக்கு பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்ன வில்லையாக லேபில் வைத்திருப்பார்கள். பிளாக் என்பார்கள். பல வருடம் கழித்து அக்குளிலோ மார்பகத்திலோ ஒரு கட்டி வந்தால், அது புதிய மார்பகப் புற்றா, பழைய சினைப்பைப் புற்று நடந்து வந்ததா என்ற கேள்வி வரும். பிஆர்சிஏ உள்ளவர்களுக்கு இரண்டுமே நடக்கலாம், இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அப்போது இரண்டு துணுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். பாக்ஸ்8 என்ற சாயச் சோதனை சினைப்பைப் புற்றில் பொதுவாகத் தெளிவாகப் பிடிக்கும், மார்பகப் புற்றில் பொதுவாகப் பிடிக்காது. பெரியம்மாவின் மூளைக் கட்டியைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டதும் "பழைய பிளாக் நம்பர் இருக்கா?" என்பதுதான். அது இல்லாமல், பிளாக் இருந்த லேபுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரண்டு தடவை மலை இறங்கி ஏறினேன். இப்போது டீத்தூள் பாக்கெட் வந்த கெட்டிக் கவர் ஒன்றில் பயாப்சி ரிப்போர்ட், அதன் எண், காப்பீட்டு அட்டையின் நகல் எல்லாம் ஒன்றாக இருக்கிறது. கவரின் மேல் பெரியம்மா கரிக்கோலால் தன் பெயரைத் தானே எழுதி வைத்திருக்கிறார்.